இடம் தந்த ஊர், நேரம் தந்த ஊர்

அறுபதுகளில் கும்பகோணத்திலோ பாலக்காட்டிலோ எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் ஹையரும் ஷார்ட்ஹேண்ட் லோயரும் தேறிய பையனுக்கு வீட்டில் இரண்டு ஊர்தான் பேசப்படும். மெட்ராஸ் என்றால், "யாரிடமாவது சொல்லிவைக்கணும்." பம்பாய் என்றால், "மாதுங்காவில் மாமா இருக்கார், போய் இறங்கினால் போதும்." திருநெல்வேலிப் பக்கமிருந்து கிளம்பியவர்களில் பலருக்குச் சர்டிபிகேட்டும் கிடையாது, மாதுங்காவில் மாமாவும் கிடையாது. அவர்கள் போய் இறங்கிய இடம் தாராவி. எந்த வாசல் வழியாக நுழைந்தாலும் பம்பாயில் ஏதோ ஒரு வேலை அகப்பட்டுவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. 1951 கணக்கெடுப்பில் பம்பாயின் மக்கள்தொகை ஏறத்தாழ 30 லட்சம், மெட்ராஸுடையது 14 லட்சம். துணி மில்கள், பெரிய துறைமுகம், ரிசர்வ் வங்கி, ஃபோர்ட் பகுதியின் கம்பெனி ஆபீஸ்கள் எல்லாம் அங்கே இருந்தன. மெட்ராஸில் செக்ரடேரியட் இருந்தது, ஹைகோர்ட் இருந்தது, சிபாரிசு இருந்தது.

வந்து குடியேறுகிறவனோடு இரண்டு ஊரும் செய்துகொண்ட ஒப்பந்தம் அன்று தெளிவாக இருந்தது. பம்பாய் சொன்னது: இடம் கேட்காதே, பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஆறு பேரோடு படுத்துக்கொள். ஆனால் 8.17 வண்டி 8.17-க்கு வரும், குழாயில் சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் வரும், விளக்கு அணையாது. மெட்ராஸ் சொன்னது: முற்றம் இருக்கிறது, கிணறு இருக்கிறது, கொல்லையில் முருங்கையும் இருக்கிறது, பஸ் எப்போது வரும், தண்ணீர் எப்போது வரும், வேலை எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்காதே. இடத்தைக் கொடுத்து நேரத்தை எடுத்துக்கொண்டது மெட்ராஸ். நேரத்தைக் கொடுத்து இடத்தை எடுத்துக்கொண்டது பம்பாய். இன்று இரண்டு ஊருமே அந்த ஒப்பந்தத்தை முறித்துவிட்டன என்பது என் கட்சி.

பம்பாய் இடம் தராததற்கு முதல் காரணம் பூகோளம். ஏழு தீவுகளுக்கு நடுவே மண்ணைக் கொட்டி உண்டாக்கிய ஊர் அது. கிழக்கும் மேற்கும் தெற்கும் தண்ணீர். வளர வேண்டுமானால் வடக்கே போக வேண்டும். மெட்ராஸுக்குக் கடல் கிழக்கே மட்டும்தான். மற்ற மூன்று பக்கமும் ஏரியும் வயலுமாகச் சமதரை. இரண்டாவது காரணம் சட்டம். 1947-ல் வந்த பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் யுத்தகால வாடகையை அப்படியே உறையவைத்தது. வீட்டுக்காரனுக்கு மாதம் சில பத்து ரூபாய்தான் வரும் என்றான பிறகு அவன் ஏன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப்போகிறான்? குடியிருப்பவன் ஏன் காலி செய்யப்போகிறான்? வெளியே தெரியாமல் பகடி என்ற ஏற்பாடு தழைத்தது: ஒரு தொகையைக் கையில் கொடுத்து, பாதி வாடகைக்காரனாகவும் பாதிச் சொந்தக்காரனாகவும் உள்ளே நுழைவது. பழைய பம்பாயில் தாத்தா கொடுத்த பகடியில் பேரன் குடியிருப்பதும், மழைக்காலம் வந்தால் அந்தக் கட்டடங்களில் ஏதாவது ஒன்று இடிந்து விழுந்து செய்தியாவதும் இந்த ஒரே சட்டத்தின் இரண்டு பக்கங்கள்.

சால் என்ற அந்தக் குடியிருப்பு முறையைப் பார்க்காதவர்களுக்கு விளக்குவது சிரமம். நீளமான பொது வராந்தா, அதில் வரிசையாக ஒற்றை அறைகள், கோடியில் பொதுக் கக்கூஸ். நம் திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனத்தோடு ஒப்பிடத் தோன்றும். ஆனால் ஒண்டுக்குடித்தனத்தில் ஒரு வீட்டுக்கார மாமி இருப்பாள். குழாயடிக்கு அவள்தான் நீதிபதி. சாலில் அப்படி ஒருவர் இல்லை. எல்லோரும் சமமாக நெருக்கப்பட்டார்கள். இந்தச் சமத்துவத்தைப் புகழ்ந்து நிறைய எழுதியாகிவிட்டது. புதுசாகக் கல்யாணமான தம்பதி மாமனார், மாமியார், இரண்டு மைத்துனர்களோடு ஓர் அறையில் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்பதைப் பற்றி அவ்வளவு எழுதப்படவில்லை. தனி ஆளாகப் போய் அங்கே வருஷக்கணக்கில் தத்தளித்தவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள நாஞ்சில் நாடனின் 'மிதவை'யும் 'சதுரங்கக் குதிரை'யும் இருக்கின்றன.

மாதுங்கா வேறு கதை. 1896-ல் பிளேக் வந்து ஊரை உலுக்கிய பிறகு, 1898-ல் அமைக்கப்பட்ட பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் தாதர்–மாதுங்காப் பகுதியை அகலத் தெருவும் தோட்டமுமாகத் திட்டமிட்டுப் போட்டது. அங்கே தென்னிந்தியக் குமாஸ்தாக்கள் குடியேறினார்கள். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-ல் பள்ளி தொடங்கியது. மணீஸ் லஞ்ச் ஹோம் 1937, கஃபே மெட்ராஸ் 1940, ராம நாயக்கின் உடுப்பி போர்டிங் 1942. ஊரிலிருந்து வந்த பையன் கூப்பன் வாங்கி வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு, வாசலில் மல்லிகைப்பூவும் மெட்ராஸ் பேப்பரும் பார்த்துக்கொண்டு அறைக்குத் திரும்பலாம். 1963-ல் சண்முகானந்தா அரங்கம் வந்தபோது அவ்வளவு பெரிய அரங்கம் மெட்ராஸ் சபாக்கள் எதற்கும் இல்லை. ஊரை விட்டுப் போனவர்கள் ஊரைவிடப் பெரிதாகக் கட்டிக்கொண்டார்கள். அது 1990-ல் தீப்பிடித்து எரிந்து, மறுபடி எழுந்தது.

மாதுங்காவிலிருந்து தாராவி நடக்கும் தூரம்தான். நடப்பவர்கள் குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே திருநெல்வேலிப் பக்கமிருந்து போன தோல் தொழிலாளர்கள் சதுப்பு நிலத்தை மேடாக்கி உருவாக்கிய தமிழ்நாடு அது. மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகள், பிள்ளையார் கோயில், பொங்கலன்று தொண்ணூறு அடி சாலையில் வரிசையாக அடுப்பு. இரண்டு தமிழ்நாடுகளும் ஒரே ஸ்டேஷனில் ரயில் ஏறினாலும் ஒன்றை ஒன்று கல்யாணத்துக்குக் கூப்பிட்டுக்கொள்ளவில்லை. சாதியை விழுப்புரத்தில் இறக்கிவிட்டு யாரும் வண்டி ஏறியதில்லை. (தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்குத் தாராவியைக் காட்டியது 1987-ல் வந்த 'நாயகன்'. அதில் பார்த்த தாராவியின் பெரும்பகுதி சென்னை ஸ்டுடியோவில் தோட்டா தரணி போட்ட செட்.)

ஐம்பது, அறுபதுகளின் மெட்ராஸில் மயிலாப்பூரிலோ புரசைவாக்கத்திலோ நடுத்தர வருமானக்காரனுக்கும் ஒரு போர்ஷன் கிடைத்தது. திண்ணை, ரேழி, கூடம் என்று முழு வீடாக இல்லாவிட்டாலும், துணி உலர்த்த மொட்டை மாடி உண்டு, வெயில் காலத்தில் அங்கேயே பாய் போட்டுப் படுக்கலாம். கடல் காற்று சாயங்காலம் தவறாமல் வந்தது. ஊரில் நேரத்துக்கு வந்த ஒரே வாகனம் அதுதான். டிராம் 1953 ஏப்ரலில் நின்றுபோனது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டாலும் அது ஒற்றைக் கோடு. மாம்பலம், சைதாப்பேட்டை, குரோம்பேட்டை என்று அந்தக் கோட்டை ஒட்டி இருந்தவர்களுக்குத்தான் கடிகாரம். மற்றவர்களுக்குப் பஸ் ஸ்டாப்பில் நின்று கிழக்கே பார்ப்பதும் மேற்கே பார்ப்பதும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஊர் கதவைச் சாத்திக்கொள்ளும். 1959-ல் மவுண்ட் ரோட்டில் பதினாலு மாடி எல்.ஐ.சி. கட்டடம் எழுந்ததை ஊரே போய் வேடிக்கை பார்த்தது என்றால் ஊரின் உயரத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

பம்பாயின் உண்மையான ஆட்சி ரயிலுடையது. 1853 ஏப்ரல் 16-ல் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் வண்டி ஓடியது. 1925-ல் மின்சாரம் வந்தது. மேற்கு, மத்திய, ஹார்பர் என்று மூன்று கோடுகள், ஃபாஸ்ட் என்றும் ஸ்லோ என்றும் இரண்டு வேகம். ஆபீசில் ஒருவன் ஆறு மணிக்கு எழுந்தால் வண்டிக்குத்தான் எழுகிறான் என்று அதிகாரிக்கும் தெரியும், ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரே வண்டி, ஒரே பெட்டி, ஒரே கூட்டாளிகள்; பஜனை பாடியவர்கள் உண்டு, லேடீஸ் பெட்டியில் ராத்திரி சமையலுக்குக் காய் நறுக்கியவர்கள் உண்டு. ஆபீஸ்களுக்கு வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகும் டப்பாவாலாக்களின் புகழ்பெற்ற துல்லியத்தில் பாதி ரயில்வே டைம்டேபிளுக்குச் சேர வேண்டியது. 1992-ல் பெண்களுக்கென்றே முழு வண்டி விட்டார்கள். அந்த ஊரில் பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போனதற்குத் தாராள மனசை மட்டும் காரணம் சொல்ல முடியாது. வண்டி இருந்தது, வண்டியில் தனிப் பெட்டி இருந்தது, ராத்திரி பதினொன்றுக்கும் அது ஓடியது.

இந்த நேரத்துக்கு ஊர் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். கோவிடுக்கு முன்னால் நாளொன்றுக்கு 75 லட்சம் பேர் அந்த வண்டிகளில் போனார்கள். தண்டவாளத்தைக் கடந்தும் வண்டியிலிருந்து விழுந்தும் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் இப்போதும் சாகிறார்கள். உலகத்தில் வேறு எந்தப் பெருநகரமும் ஆபீஸ் போய் வருவதற்கு இப்படி உயிர்வரி கட்டுவதாக எனக்குத் தெரியவில்லை. 2006 ஜூலை 11-ல் மேற்குக் கோட்டில் குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த மறுநாளே வண்டிகள் நிறைந்து ஓடின. இதை ஊரின் நெஞ்சுரம் என்று பத்திரிகைகள் எழுதின. போகாவிட்டால் அன்றைய கூலி கிடையாது என்பதைச் சால்வாசிகளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

மெட்ராஸின் துயரம் தண்ணீர். பம்பாயில் ஆண்டுக்கு 2,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை. விஹார் ஏரி 1860-லும் தான்சா 1892-லும் கட்டி முடித்தாயிற்று. நூறு கிலோமீட்டர் தூரத்து மலைகளிலிருந்து பெரும்பகுதி தானாகவே சரிந்து ஊருக்குள் இறங்கும். அங்கேயும் இருபத்து நாலு மணி நேரம் குழாயில் வராது, சேரிகளில் கேன் கேனாக விலைக்குத்தான் வாங்க வேண்டும். ஆனால் சாலிலும் கூட்டுறவுக் குடியிருப்பான சொசைட்டியிலும் வருகிற நேரம் தெரியும். மெட்ராஸில் 1,400 மில்லிமீட்டர், அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அதைப் பிடித்துவைக்க முன்னோர் வெட்டிய ஏரிகளை நாம் மனைகளாக்கினோம். தியாகராய நகர் 1920-களில் மாம்பலம் நீண்ட ஏரியின் மேல் போட்ட நகர். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது. ஏரியைப் பார்க்க விரும்புகிறவர்கள் மழைக்காலத்தில் போகலாம், தெருவிலேயே நிற்கும்.

எழுபதுகளுக்குப் பிறகு மெட்ராஸ் குடும்பப் பெண்களின் வாழ்க்கையை எழுதினால் அதில் பாதி குடம்தான் இருக்கும். அடிபம்பில் குடம், லாரி முன்னால் பச்சை, சிவப்பு, நீலப் பிளாஸ்டிக் குடம், விடியற்காலை மூன்று மணிக்குக் கார்ப்பரேஷன் குழாயில் கையால் அடித்து நிரப்பும் குடம். 1978-ல் மெட்ரோ வாட்டர் வாரியம் வந்தது. 1983-ல் கிருஷ்ணா நீருக்கு ஆந்திரத்தோடு ஒப்பந்தம் போட்டு, அந்தத் தண்ணீர் தமிழக எல்லையைத் தொட 1996 ஆயிற்று. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், 2004-ல் வீராணம் ஏரித் தண்ணீர், 2010-ல் மீஞ்சூரிலும் 2013-ல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள். இத்தனைக்கும் பிறகு 2019 கோடையில் ஊருக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு தண்ணீர் ரயில் வந்தது. ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. கம்பெனிகள் சில தங்கள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது, கோவிடுக்கு ஓராண்டு முன்னால், தண்ணீருக்காக.

வீடு பிடிப்பதில் இரண்டு ஊரும் வேறுவேறு விதமாகக் கேவலப்படுத்தின. 1966-ல் சிவசேனா தொடங்கியபோது அதன் முதல் குறி தென்னிந்தியர்கள்தான். லுங்கிக்காரனை விரட்டு என்று கோஷம், உடுப்பி ஹோட்டல்கள் மேல் கல். ஆபீஸ் வேலைகளையெல்லாம் மதராஸிகள் பிடித்துக்கொண்டார்கள் என்ற அந்தக் கோபத்தில் கொஞ்சம் உண்மையும் இருந்தது: மாமா மருமகனையும் மருமகன் தம்பியையும் வேலையில் சேர்த்துவிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அடி வாங்கியது பெரும்பாலும் அந்த மாமா இல்லை, தெருவோரம் இட்லி விற்றவர். மெட்ராஸில் கல் எறியவில்லை. சிரித்த முகத்தோடு, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள். "கவிச்சி சாப்பிடுவீங்களா?" என்றார்கள். "பேச்சிலருக்குக் கொடுக்கறதில்ல தம்பி" என்றார்கள். அதனால்தான் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் அத்தனை நிரம்பின. இந்தக் கேள்விகள் இன்றும் மாறவில்லை. புரோக்கர் போனிலேயே கேட்டு வடிகட்டிவிடுகிறார். மும்பையிலும் மாமிசம் சாப்பிடுகிறவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வீடு மறுக்கும் சொசைட்டிகள் இப்போது சர்வசாதாரணம். இந்த ஒரு விஷயத்தில் மும்பைதான் சென்னையிடமிருந்து கற்றுக்கொண்டது.

ஒப்பந்தம் முறிந்த கதைக்கு வருகிறேன். பம்பாயில் அது 1982 ஜனவரியில் தொடங்கியது. தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது முறைப்படி முடியவே இல்லை, மில்கள்தான் முடிந்தன. ஊரின் நடு வயிற்றில் கிடந்த அந்த நிலங்களில் இன்று மால்கள், கண்ணாடி ஆபீஸ்கள், அறுபது மாடி வீடுகள். மில்லுக்கு நடந்து போனவரின் பேரன் பத்லாபூரிலோ விராரிலோ வீடு வாங்கி, அதே மில் நிலத்து மாலுக்கு ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வருகிறான். 8.17 இன்னும் 8.17-க்குத்தான் வருகிறது. ஏற முடிவதில்லை. வந்தவனுக்குப் பம்பாய் கொடுத்த ஒரே சொத்தான நேரத்தையும் இப்படித் தூரம் தின்றுவிட்டது. மாதுங்காவின் நான்கு மாடிக் கட்டடங்களிலிருந்து நம்மவர்கள் செம்பூருக்கும், முலுண்டுக்கும், டோம்பிவிலிக்கும், நவி மும்பைக்கும் நகர்ந்துவிட்டார்கள். மல்லிகைப்பூக் கடை இன்னும் இருக்கிறது.

மெட்ராஸில் பின்னி மில் 1996-ல் மூடிக்கொண்டது. 1918-ல் இந்தியாவின் முதல் தொழிற்சங்கத்துக்குக் காரணமாக இருந்த மில். அந்தப் பெரம்பூர் நிலத்திலும் இன்று அடுக்குமாடி. அதே 1996-ல்தான் ஊர் சென்னை ஆனது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததும் ஊரின் புவியீர்ப்பு மவுண்ட் ரோட்டிலிருந்து தெற்கே சரிந்தது. அதுவரை வேலைக்காகப் பம்பாய்க்கு வண்டியேறிய தமிழ்நாட்டுப் பையன் சிறுசேரிக்குப் பஸ் ஏறினான். மும்பை எக்ஸ்பிரஸில் இன்று கூட்டம் குறையவில்லை, ஆனால் முதல் வேலைக்குப் போகிறவர்களின் தகரப் பெட்டி அதில் இல்லை.

அதற்குச் சென்னை கொடுத்த விலை, இடம். முற்றம் போய் இரண்டு பெட்ரூம், கிணறு போய் சம்ப்பும் போரும் பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியும். அட்வான்ஸ் பத்து மாத வாடகை என்பது ஊர் வழக்கம். 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது, வீட்டுக்காரர்களில் பலர் அதைக் கேள்விப்பட்ட மாதிரியே காட்டிக்கொள்வதில்லை. சரி, இடம் போயிற்று, பம்பாயைப் போல நேரமாவது கிடைத்ததா? பறக்கும் ரயில் 1995-ல் சேப்பாக்கம் வரை வந்து, வேளச்சேரியை எட்ட 2007 ஆயிற்று. அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் ஐந்து கிலோமீட்டர். நிலத் தகராறில் பத்தாண்டுக்கும் மேல் தூண்களாக நின்றது. வேலைகள் போன ஓ.எம்.ஆர். பக்கம் ரயிலே போடவில்லை. சாலைதான் போட்டு, அதில் சுங்கமும் வசூலித்தார்கள். 2015-ல் மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு கொஞ்சம் மூச்சு வருகிறது. இரண்டாம் கட்டத்தின் 119 கிலோமீட்டரும் முடிந்தால், ஊர் முதல் தடவையாகக் கடிகாரம் கட்டிக்கொள்ளும். மும்பை எல்லா வழியையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்க்கிறது: 2009-ல் கடல் பாலம், 2014-ல் மெட்ரோ, 2024-ல் கடலோரச் சாலையும் 22 கிலோமீட்டர் அடல் சேதுவும், 2025-ல் கஃப் பரேட் வரை சுரங்க ரயில். இதில் கடலோரம் போட்டதெல்லாம் கார்க்காரனுக்கு. 2021-லிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று தமிழ்நாடு செய்ததற்கு ஈடாக அங்கே எதுவும் இல்லை. சென்னையில் வீட்டு வேலைக்குப் போகிற பெண் இன்னொரு பேட்டையில் நல்ல சம்பளத்துக்கு வீடு பிடிக்கிறாள் என்றால் அந்த ஒற்றை ஏற்பாடுதான் காரணம்.

ஏழையை எங்கே வைப்பது என்பதில் இரண்டு ஊரின் குணம் அப்பட்டமாகத் தெரியும். மும்பை அவனை அதே இடத்தில் மேலே தூக்கி அடுக்குகிறது, மிச்ச நிலத்தை விற்கிறது. தாராவி மறுகட்டுமானத் திட்டத்தில், 2000-க்கு முன்னால் வந்ததற்குக் காகிதம் வைத்திருப்பவருக்கு அங்கேயே 350 சதுர அடி, மற்றவர்கள் வெளியே. பாப்படம் காயவைக்கிறவரும், மண்பாண்டம் சுடுகிறவரும், தோல் தைக்கிறவரும் ஏழாவது மாடியில் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு எந்த வரைபடத்திலும் பதில் இல்லை. சென்னை அவனை இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றி அனுப்புகிறது. சிந்தாதிரிப்பேட்டையில் மீன் விற்றவள் அங்கே போன பிறகு விடியற்காலை எந்த பஸ்ஸில் கூடையோடு ஏறுவாள்? எது மோசம் என்று என்னைக் கேட்டால், சென்னை செய்வதுதான். வீட்டைக் கொடுத்து வேலையைப் பிடுங்கிக்கொள்கிறது.

இரண்டுமே கடலோர ஊர்கள், ஆனாலும் கடலைப் பற்றி இவ்வளவு நேரம் அதிகம் சொல்லவில்லை. இரண்டு ஊர்க்காரர்களும் அப்படித்தான் இருக்கிறார்கள். மெரினாவின் அகலம் இயற்கை தந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் கட்டியதும் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை அரித்தது. மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் கிடைத்த கடற்கரை, ராயபுரமும் திருவொற்றியூரும் இழந்த கரை. ஆனால் கிடைத்ததில் யாரும் காசில்லாமல் போய் உட்காரலாம், மணலில் படுக்கலாம். மும்பையில் கடல் தெரிகிற ஜன்னலுக்குத் தனி விலை. மரீன் டிரைவ் சுவர்தான் எல்லாருக்கும் பொது. மீனவர் குடியிருப்புக்கு அங்கே கோலிவாடா என்று பெயர், இங்கே குப்பம்: ஊருக்கு முந்தியே இருந்தவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொல்வதில் இரண்டு மாநகராட்சிகளும் ஒன்று.

ஆற்றிலும் ஒற்றுமைதான். மும்பை விமான நிலையத்து ஓடுபாதையின் கீழே மிட்டி ஆறு ஓடுகிறது. சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றைப் பாலமாகத் தாண்டுகிறது. 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. கொலாபாவில் அன்று 73 மட்டுமே. மிட்டி பொங்கி ஊர் மூழ்கியது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்து அடையாறு ஊருக்குள் வந்தது, விமான நிலையத்தை நாள்கணக்கில் மூடினார்கள். மும்பை பாந்த்ரா–குர்லா அலுவலக நகரைச் சதுப்பின் மேல் கட்டியது என்றால், நாம் பள்ளிக்கரணைச் சதுப்பைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிக் குப்பைமேடும் ஐ.டி. கம்பெனியும் வைத்தோம். இதில் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

சென்னையில் இன்று மெட்ரோவுக்குக் குழி தோண்டுகிறவர்களும், ஹோட்டலில் பரோட்டா தட்டுகிறவர்களும், அடுக்குமாடிக்குக் கம்பி கட்டுகிறவர்களும் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். தகரக் கொட்டகையில் பத்துப் பேர். அறுபது வருஷத்துக்கு முன்னால் பம்பாயில் நம்மவர்கள் கேட்ட பேச்சை இப்போது "வடக்கன்" என்ற ஒரு சொல்லில் அவர்கள் கேட்கிறார்கள். சொல்கிறவர்களில் தாராவியில் பெரியப்பா இருந்தவர்களும் உண்டு. ஆனாலும் கார்ப்பரேஷன் பள்ளிகளில் அவர்கள் பிள்ளைகள் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள், கடையில் அப்பாவுக்காகப் பேரம் பேசுகிறார்கள். தாராவியின் தமிழ்ப் பிள்ளைகள் மராத்தியில் இதைச் செய்துகாட்டியவர்கள்தான்.

எந்த ஊருக்குப் போகலாம் என்று இப்போதும் உறவில் யாராவது கேட்கிறார்கள். முதல் வேலை கிடைத்த இருபத்திரண்டு வயதுப் பெண் கேட்டால், மும்பை என்றே சொல்வேன். அறை சிறிதாக இருக்கும். ஆனால் ராத்திரி பன்னிரண்டரைக்கு வண்டி ஏறி வந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். சென்னையில் லேடீஸ் ஹாஸ்டல் கேட் பத்து மணிக்குப் பூட்டிக்கொள்ளும். கடைகள் இருபத்து நாலு மணி நேரம் திறக்கலாம் என்று 2019-ல் அரசாணை போட்டும், பதினொரு மணிக்கு ஜீப் வந்தால் ஷட்டர் இறங்குகிற ஊர் இது. ரிட்டையர் ஆன தம்பதி கேட்டால் சென்னை: டாக்டர் பக்கத்தில், கோயில் பக்கத்தில், லிஃப்ட் நின்றுபோனாலும் ஏறக்கூடிய இரண்டாவது மாடி. மாதுங்காவில் நாற்பது வருஷம் இருந்தவர்களே கடைசியில் நங்கநல்லூரில் ஃபிளாட் வாங்குவதைப் பார்க்கிறேன். முப்பத்தைந்து வயது, இரண்டு குழந்தைகள், இரண்டு சம்பளம், சொந்த வீடு இல்லை என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்களில் பலர் புனேயிலும் கோயம்புத்தூரிலும் வீடு பார்க்கப் போய்விட்டார்கள். புனேயில் இப்போதே தண்ணீர் லாரி ஓடுகிறது.